சென்னை – டெல்லி: அப்பாவை ரயிலில் அனுப்புவதா, விமானத்திலா?

கேள்வி, 6 அக்டோபர் 2025

"அப்பாவுக்கு 72 வயது. இரண்டு வருஷம் முன்னால் முழங்கால் ஆபரேஷன் ஆனது. பேரனைப் பார்க்க டெல்லிக்கு வரணும். விமான டிக்கெட் போடுகிறேன் என்றால், 'தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல போடு, இல்லன்னா வரல' என்கிறார். மூணு மணி நேரத்தில் முடிகிற வேலையை எதற்கு இரண்டு ராத்திரி இழுக்கணும்? ரயிலில் அப்படி என்னதான் இருக்கு? அடிக்கடி போய் வந்தவர்கள் சொல்லுங்கள்."

6 அக்டோபர், இரவு 9.40

அப்பா சொல்கிறபடியே போடுங்கள். 1991-இல் வேலைக்காக டெல்லி போனேன், 2021-இல் ஓய்வு பெற்றுச் சென்னை திரும்பினேன். முதல் இருபது வருஷம் ரயில்தான். கை கொஞ்சம் தாராளமான பிறகு விமானம்.

மூணு மணி நேரம் என்கிறீர்கள். அது விமானம் காற்றில் இருக்கிற நேரம். பெரம்பூரில் என் வீட்டிலிருந்து மீனம்பாக்கத்துக்கு ஒரு மணி நேரம். அங்கே இரண்டு மணி நேரம் முன்னால் போய் நிற்கணும். டெல்லியில் இறங்கிப் பெட்டி வர அரை மணி, ஊருக்குள் போக இன்னும் ஒரு மணி. ஆக ஏழு, ஏழரை மணி நேரம். அந்த ஏழரை மணியில் எந்த அரை மணியும் முழுசாக நம் கையில் இருக்காது. வாசலில் ஒரு வரிசை, பெட்டி போட ஒரு வரிசை, பெல்ட்டைக் கழற்றி ட்ரேயில் வைக்க ஒரு வரிசை, கேட்டில் ஒரு வரிசை. உட்கார்ந்து கண்ணை மூடினால் அறிவிப்பு.

ரயில் இரவு 10 மணிக்கு சென்ட்ரலில் கிளம்பும். வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஏறிப் படுத்தால் ஒரு தூக்கம், நடுவில் ஒரு பகல், இன்னொரு தூக்கம், விடிந்தால் டெல்லி. 30 மணி நேரம் என்று கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். விழித்திருப்பது ஒரே ஒரு பகல். லக்கேஜுக்கும் கட்டுப்பாடு கிடையாது. ஊறுகாய் ஜாடி, வடாம் டப்பா, நல்லெண்ணெய் டின், எல்லாம் சீட்டுக்கு அடியில் போகும்.

7 அக்டோபர், காலை 6.15

நேற்று எழுதியதில் இரண்டு பிழை.

30 மணி இல்லை, 33-ஐ ஒட்டி வரும். தூரம் சுமார் 2,180 கிலோமீட்டர். வாரம் இரண்டு நாள் டெல்லியின் நிஜாமுதீன் ஸ்டேஷன் வரை போகிற ராஜதானி 28 மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுக்கும். நான் இரண்டையும் குழப்பிவிட்டேன்.

லக்கேஜுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஸ்லீப்பருக்கும் தேர்டு ஏசிக்கும் 40 கிலோ, செகண்ட் ஏசிக்கு 50, ஃபர்ஸ்ட் ஏசிக்கு 70. என் பெட்டியை யாரும் தராசில் வைத்ததில்லை, அதனால் இல்லை என்றே மனசில் பதிந்துவிட்டது. உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்கு 15 கிலோ, கையில் 7. ஊறுகாயைக் கைப்பையில் வைத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். என் அம்மா போட்ட ஆவக்காய் ஒரு பாட்டில் அப்படித்தான் போனது.

7 அக்டோபர், இரவு 10.30

"ஜன்னல் வழியே பார்க்க என்ன இருக்கு, காடும் பொட்டலும்தானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த ஒரு பகலைச் சொல்கிறேன்.

விஜயவாடாவில் கிருஷ்ணா வரும்போது தூக்கத்தில் இருப்போம். வாரங்கல்லில் விழிப்பு தட்டும். பல் விளக்கிவிட்டு வந்தால் வெளியே பாறைக் குன்றுகள், ஒன்றன்மேல் ஒன்று யாரோ எடுத்து வைத்த மாதிரி. ராமகுண்டத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். அது தாண்டியதும் மஞ்சிர்யாலுக்கு முன்னால் கோதாவரி. மழை முடிந்த காலத்தில் கரை தெரியாமல் இருக்கும், கோடையில் மணல் திட்டுக்கு நடுவே நாலைந்து ஓடையாகப் பிரிந்து கிடக்கும். அந்த நேரத்துக்குத்தான் என் வீட்டில் கட்டிக்கொடுத்த இட்லியைப் பிரிப்பேன். முந்தின நாள் சாயங்காலம் வார்த்த இட்லி, இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி, வாழை இலையில் அடுக்கி, மேலே செய்தித்தாள், அதற்குமேல் வெள்ளை நூல். பன்னிரண்டு மணி நேரம் ஊறியதில் பொடி இட்லிக்குள்ளேயே இறங்கியிருக்கும். இலை கறுத்துப்போய் ஒரு வாசனை வரும். சுடச்சுட இட்லியில் அந்த ருசி வராது.

காகஸ்நகர் தாண்டினால் மொழி மாறும். மஞ்சள் பலகையில் தெலுங்கு போய் மராத்தி வரும். பல்லார்ஷாவில் காகித ஆலையின் வாடை மூக்கில் ஏறும், தூங்குகிறவனுக்குக்கூட எந்த ஊர் என்று தெரிந்துவிடும். காலையில் "டீ, காபி, இட்லி, வடை" என்று போன குரல் இப்போது "சாய், கரம் சாய்" ஆகியிருக்கும். மத்தியானம் நாக்பூர். குளிர்காலமென்றால் "சந்த்ரா, சந்த்ரா" என்று ஆரஞ்சுக் கூடை. பிறகு தேக்குக் காடு, பேதுல் பக்கத்து மலைச்சரிவு, இட்டார்சி. இட்டார்சியை விட்டதும் நர்மதை. சூரியன் இறங்குகிற நேரத்தில் பாலம். பெட்டியில் பாதிப் பேர் எழுந்து கும்பிடுவார்கள். காசு போடுவார்கள்.

இரண்டே முக்கால் மணி நேர விமானத்தில் இதெல்லாம் காலுக்குக் கீழேதான் இருக்கிறது. ஆனால் சென்னையில் வேர்த்துக்கொண்டு ஏறி டெல்லியில் நடுங்கிக்கொண்டு இறங்குவோம், நடுவில் எப்போது குளிர ஆரம்பித்தது என்பது தெரியாமலே போய்விடும்.

8 அக்டோபர், மாலை 4

நர்மதையைப் பற்றி இரண்டு திருத்தம், இரண்டும் வாசகர்கள் சொன்னவை, சரியானவை. சூரியன் இறங்குகிற நேரம் என்பது கோடைக்குத்தான் பொருந்தும். நவம்பர் கடைசியில் அங்கே ஐந்தரைக்கே இருட்டத் தொடங்கிவிடும், வண்டி ஆறுமணிக்கு மேல்தான் வரும். சக்கரத்தின் சத்தம் கனத்து மாறும்போது பாலத்தில் ஏறிவிட்டோம் என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான். இன்னொன்று, ஏசி பெட்டியில் ஜன்னல் திறக்காது. காசு போடுவது ஸ்லீப்பர் காலத்து நினைவு. அப்பாவைக் கதவருகே போய் நிற்க விட்டுவிடாதீர்கள்.

8 அக்டோபர், இரவு 9

முழங்காலுக்கு வருகிறேன். முதல் நாளே இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

செகண்ட் ஏசி போடுங்கள். நடு பெர்த் கிடையாது, பகல் முழுக்கத் தலை நிமிர்ந்து உட்காரலாம். மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில் லோயர் பெர்த் கேளுங்கள். அந்த ஒதுக்கீடு ஒருவர் அல்லது இருவராக, அதற்குரிய வயதுக்காரர்கள் மட்டும் பதிவு செய்தால்தான் வேலை செய்யும். நீங்களும் துணைக்குப் போகிறீர்கள் என்று உங்கள் பெயரையும் அதே டிக்கெட்டில் சேர்த்தால் அது கிடைக்காது. முன்பதிவு இப்போது 60 நாள்தான். 2024 நவம்பர் 1 முதல் 120-ஐக் குறைத்துவிட்டார்கள். ஆர்ஏசியில் மட்டும் அனுப்பாதீர்கள். ஒரே சைடு லோயரில் இன்னொருவரோடு பாதிப் பாதி உட்கார்ந்து முப்பத்து மூன்று மணி நேரம் போவது அந்தக் காலுக்கு ஆகாது.

இப்போது ஓடுகிற எல்ஹெச்பி என்கிற புது வகைப் பெட்டி, பழைய நீலப் பெட்டியைவிட ஓடும்போது ஆட்டம் குறைவு. ஆனால் நின்று கிளம்பும்போது சில சமயம் வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுக்கும். நின்றுகொண்டிருக்கும் வயசாளி அதில் தடுமாறுவதை நேரில் பார்த்திருக்கிறேன். கழிப்பறைக்குப் போவதென்றால் வண்டி வேகம் பிடித்த பிறகு, கைப்பிடியை விடாமல். மேற்கத்திய பாணிக் கழிப்பறை இருக்கும். தண்ணீர் காலடியில் தேங்கியிருக்கும், ரப்பர் அடி வைத்த செருப்பு போட்டு அனுப்புங்கள்.

கட்டணம்: செகண்ட் ஏசி மூவாயிரத்தை ஒட்டி. நாளுக்கு ஒரு விலை ஏறாது. 60 வயது தாண்டிய ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 தாண்டிய பெண்களுக்கு 50 சதவீதமும் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தியது, இன்னும் திரும்பி வரவில்லை. எங்கள் தெருவில் பென்ஷனை மட்டும் நம்பி இருக்கிறவர்கள் அதற்குப் பிறகு பிள்ளைகளைப் பார்க்கப் போவதையே குறைத்துக்கொண்டார்கள். அந்தச் சலுகை திரும்ப வர வேண்டும்.

9 அக்டோபர், காலை 7

"அப்படியானால் விமானத்தில் முழங்காலுக்கு ஒன்றும் இல்லையா" என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. முன்கூட்டிச் சொல்லிவைத்தால் சக்கர நாற்காலி வரும், வாசலிலிருந்து சீட் வரை ஆள் கூட வருவார். ரயில் நிலையத்தில் அந்த உறுதியோடு யாரும் வருவதில்லை. போர்ட்டரைப் பிடிக்கணும், பேட்டரி வண்டியைத் தேடணும், வண்டி எந்த பிளாட்பாரம் என்று பார்த்துக்கொண்டே நிற்கணும். இந்த இடத்தில் விமானத்துக்குத்தான் என் ஓட்டு.

சீட்டில் உட்கார்ந்த பிறகு நிலைமை வேறு. காலை நீட்ட முடியாது. ஜன்னல் சீட்டென்றால் எழுந்து நடக்க இரண்டு பேரை எழுப்பணும். முப்பது ஆயிரம் அடிக்கு மேலே பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி உயர மலையில் இருக்கிற அளவுக்குத்தான் வைத்திருப்பார்கள். கொடைக்கானல் ஏழாயிரம் அடி என்று வைத்துக்கொண்டால் புரியும். ஈரப்பதமும் மிகக் குறைவு. தொண்டை வறளும், கால் வீங்கும், சாப்பாடு சப்பென்று இருக்கும். ஆரோக்கியமானவருக்கு மூன்று மணி நேரத்தில் இது பெரிய விஷயமில்லை. இதயமோ நுரையீரலோ பலவீனமென்றால் டாக்டரைக் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள்.

11 அக்டோபர், இரவு 11

தலைப்பை விட்டு விலகிப் போகிறேன், நாக்பூர் என்று எழுதியதிலிருந்து மனசில் ஓடுகிறது.

தொண்ணூறுகளில் ஒரு பயணத்தில் எதிர் பெர்த்தில் தபால் துறையில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வந்தார். நாக்பூர் பிளாட்பாரத்தில் வண்டி நின்றதும், "இங்க ராத்திரியில நாலு விமானம் வந்து நிக்கும் தெரியுமா" என்றார். 1949 ஜனவரியில் இரவு விமானத் தபால் சேவை தொடங்கினார்கள். டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நான்கிலிருந்தும் சாயங்காலத் தபாலோடு கிளம்பி, நடுராத்திரி நாக்பூரில் கூடி, மூட்டைகளை மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். சென்னையில் இன்று போட்ட கடிதம் நாளைக் காலை டெல்லியில். நாட்டின் நடு மையம் என்பதால் நாக்பூர்.

இந்திய விமானப் போக்குவரத்தின் பிறப்பே தபாலில்தான். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்தது தபால் விமானம். அதை அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் விண்ட்சென்ட். ஆக முதலில் பறந்தது அவசரச் செய்தி. மனிதர்கள் ரயிலில் போனார்கள். 1929-இல் தொடங்கிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் முதலில் பெஷாவரிலிருந்து மங்களூர் வரை ஓடியது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 1976-இல்தான் வந்தது.

அந்தப் பெரியவர் போபால் வருகிறவரை பேசினார். "லெட்டர் அவசரமா போகலாம் தம்பி, நாம போகக்கூடாது" என்று சொல்லிச் சிரித்தார். அன்று நானும் கூடச் சிரித்தேன்.

12 அக்டோபர், இரவு 8

"நிதானமாகப் போக எல்லோருக்கும் கொடுத்து வைக்கவில்லை" என்று ஒரு தங்கை எழுதியிருக்கிறார். இரண்டு நாளாக அந்த வரி உறுத்துகிறது. எழுதிவிடுகிறேன்.

1997 ஜனவரி. ஆபீஸ் போனில் சாயங்காலம் நாலு மணிக்குச் செய்தி. திண்டிவனத்தில் அப்பா போய்விட்டார். விமான டிக்கெட்டுக்கு என் இரண்டு மாதச் சம்பளம் வேண்டும். கேட்டு வாங்க ஆளும் இல்லை. அன்றிரவு வண்டியில் முன்பதிவு இல்லாமல் ஏறினேன். டிடிஆரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் ஒரு மேல் பெர்த்தைக் காட்டிவிட்டுப் போனார். சென்னை வந்து, எழும்பூர் போய், பஸ் பிடித்து வீட்டை அடையும்போது எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு ராத்திரி வைத்திருக்க முடியாதென்று தம்பியே கொள்ளி வைத்துவிட்டான். திண்ணை கழுவி ஈரமாக இருந்தது.

அந்த வண்டியில் அன்று பகலில், நாக்பூரில் ஒரு தெலுங்கு அம்மா ஆரஞ்சு வாங்கினார். வாரங்கல் போகிறவர். நான் கீழே இறங்கி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெலுங்கு வராது. ஒரு பழத்தை உரித்து, ஒவ்வொரு சுளையாக எடுத்து, அதன்மேல் ஒட்டியிருக்கிற வெள்ளை நாரை நகத்தால் மெல்ல இழுத்து எடுத்துவிட்டு, என் உள்ளங்கையில் வைத்தார். நான் தின்றதும் அடுத்த சுளை. குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி. மூன்றாவது சுளையில் அழுதுவிட்டேன். அவர் நிறுத்தவில்லை, அடுத்ததை நாரெடுத்துக்கொண்டே இருந்தார்.

விமானத்தில் போயிருந்தால் அப்பா முகத்தைப் பார்த்திருப்பேன். ஆகவே அந்தத் தங்கை சொல்வது சரி. முதல் நாள் நான் எழுதியதில் இதற்கு இடமே விடவில்லை.

13 அக்டோபர், அதிகாலை 5

பாதியை எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை. மீதியையும் எழுதுகிறேன்.

அம்மா 2019 டிசம்பரில். விடியற்காலை ஐந்துக்குப் போன். ஒன்பது மணி விமானத்தில் இடம் கிடைத்தது. மத்தியானம் மூன்றுக்குள் திண்டிவனத்தில் நின்றேன். அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். டெல்லிக் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டர் உடம்பில், மஃப்ளர் கழுத்தில், போர்டிங் பாஸ் சட்டைப் பையில். தலைமாட்டில் நிற்கிறேன், கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அம்மா போய்விட்டாள் என்பது இன்னும் மனசுக்கு வந்து சேரவில்லை. அக்காதான் கிட்டே வந்து, "ஸ்வெட்டரக் கழட்டுடா, வேர்க்குது பாரு" என்றாள். காரியமெல்லாம் ஒழுங்காக, நானே முன்னால் நின்று செய்தேன். அழுகை பதினாறாம் நாளுக்குப் பிறகு, டெல்லிக்குத் திரும்புகிற ரயிலில், கோதாவரி கிட்டே வந்தது.

அப்பாவுக்கு நான் பிந்திப் போனேன், ஆனால் வீடு சேரும்போது பாதி அழுது முடித்திருந்தேன். அம்மாவுக்கு நேரத்துக்குப் போனேன். எது மேல் என்று என்னைக் கேட்டால் அம்மாவுக்குப் போனதுதான் மேல். அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனாலும் திரும்பும்போது ரயில் டிக்கெட் எடுத்தது யாரும் சொல்லி எடுத்ததில்லை.

15 அக்டோபர், மாலை 6

பயத்தைப் பற்றி. 2025 ஜூன் 12 அகமதாபாத் விமான விபத்துக்குப் பிறகு அப்பா விமானம் வேண்டாம் என்கிறாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம், அவரையே கேளுங்கள். அதே அளவுக்கு 2023 ஜூன் 2 பாலசோர் ரயில் விபத்தும் நினைவில் வைக்க வேண்டியது, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் அது. பயத்தை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

18 அக்டோபர், காலை 10

தேதி முக்கியம். டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி கடைசி வரை வேண்டாம். டெல்லிப் பக்கம் மூடுபனி இறங்கிவிடும், ரயிலும் விமானமும் இரண்டுமே தடுமாறும். ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நாம் ஏறாமல் விட்டுவிட்டால், முழுப் பணமும் திரும்பக் கேட்கலாம். அது ஏறுவதற்கு முன்புதான். ஏறிய பிறகு நடுவழியில் தாமதமானால் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு ஜனவரியில் நான் வந்த வண்டி ஏழு மணி நேரம் தாமதம். குவாலியருக்கே விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் வந்தது. பேண்ட்ரியில் பால் தீர்ந்து கறுப்பு டீ கொடுத்தார்கள். பெட்டி முழுக்க முணுமுணுப்பு. தோல்பூருக்கு முன்னால் பனி கொஞ்சம் விலகியபோது வெளியே சம்பல் பள்ளத்தாக்கு. மண் மேடும் பள்ளமுமாக, மழை அரித்து அரித்து ஆயிரக்கணக்கான சந்துகளாக வெட்டிய நிலம், கண் எட்டும் வரை. இருபது தடவைக்கு மேல் அதே பாதையில் போயிருக்கிறேன், நேரத்துக்கு ஓடுகிற வண்டி அதை நடுராத்திரியில் கடந்துவிடும். அன்றுதான் முதல்முறை பார்த்தேன். அதற்காகத் தாமதம் நல்லது என்று சொல்ல வரவில்லை, பெட்டியில் இன்டர்வியூவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பையன் இருந்தான். அவன் முகமும் நினைவில் இருக்கிறது.

24 அக்டோபர், இரவு 9.15

நவம்பர் 26-க்குச் செகண்ட் ஏசி, லோயர் பெர்த் உறுதியானதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது. ஒரு கம்பளிச் சட்டை கைப்பையிலேயே இருக்கட்டும், பெட்டிக்குள் பூட்டிவிடாதீர்கள். நாக்பூர் தாண்டினால் தேவைப்படும். மருந்தும் அப்படியே. புளியோதரை இரண்டு வேளைக்கு, தயிர்சாதம் முதல் வேளைக்கு மட்டும். மணிக்கொரு தரம் போன் போட்டு "எங்க வந்திருக்கீங்க" என்று கேட்காதீர்கள், காட்டுப் பகுதியில் சிக்னல் போய்விட்டால் நீங்கள்தான் தவித்துப்போவீர்கள்.

29 நவம்பர், காலை 8.30

அப்பா நேற்றுக் காலை சௌக்கியமாக வந்து சேர்ந்ததைப் படித்தேன். கால் வீக்கம் இல்லை என்பதில் நிம்மதி. நர்மதைப் பாலத்தில் எழுந்து உட்கார்ந்தாராம், இருட்டில் ஒன்றும் தெரியவில்லையாம், சத்தத்தை மட்டும் கேட்டாராம்.

திரும்பும்போது விமானம் என்பதற்கு அவரே சம்மதித்துவிட்டார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சரியான முடிவு, பிப்ரவரி பாதிக்குமேல் போடுங்கள். சக்கர நாற்காலி முன்கூட்டிச் சொல்லுங்கள். காலை விமானமென்றால் வலது பக்கம், எஃப் வரிசை ஜன்னல் எடுங்கள், முகத்தில் வெயில் அடிக்காது. மேகம் இல்லாத நாளாக இருந்தால், கிளம்பி ஒரு மணி நேரம் ஆனதும் கீழே பார்க்கச் சொல்லுங்கள். நர்மதை தெரியும்.